மூன்று மாதம் ஒரே ஆர்வி பார்க்கில்: வோல்டேஜ், கழிவுநீர் வால்வு பற்றி யோசனை தேவை

வணக்கம். ஆர்வி என்னும் வீட்டு வண்டியில் தங்கியிருக்கிறோம்; பார்க்கில் 30 ஆம்ப் மின் இணைப்புள்ள இடம். பார்க் என்னவோ அமைதிதான், மின்சாரம்தான் அமைதியாக இல்லை. சாயங்காலம் எல்லா வண்டியிலும் ஏசி ஓடத் தொடங்கியதும் வோல்டேஜ் 120-லிருந்து 106-க்கு இறங்குகிறது. இன்னும் இறங்கினால் கம்ப்ரசர் அதிக ஆம்ப் இழுத்துச் சூடேறும். சர்ஜ் புரொடெக்டர் (வோல்டேஜ் கோளாறிலிருந்து வண்டியைக் காக்கும் கருவி) 104-இல் மின்சாரத்தைத் துண்டிக்கும், அவ்வளவுதான், வோல்டேஜை ஏற்றித் தராது. மொத்தமே 3600 வாட் என்பதால் ஏசியோடு மைக்ரோவேவ் போடுவதில்லை, வெந்நீர் ஹீட்டரும் கேஸில்தான். பிளக் முனைகளில் கருகல் இல்லை.

வோல்டேஜ் பூஸ்டர் போடலாமா? ஏற்றித் தரும் அளவுக்குக் கம்பத்துப் பெட்டியிலிருந்து கூடுதல் ஆம்ப் இழுக்குமே, பழைய பிரேக்கர் தாங்குமா? பயன்படுத்துகிறவர்கள் பிரேக்கர் எத்தனை முறை விழுந்தது என்று சொன்னால் போதும்.

அடுத்தது வால்வு. கழிவறைத் தொட்டியின் வால்வை, தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும்வரை மூடியே வைக்க வேண்டும்; திறந்திருந்தால் நீர் மட்டும் வடிந்து திடக்கழிவு கூம்பாக இறுகிவிடும். அதில் சந்தேகமில்லை. குளியல், பாத்திர நீர்த் தொட்டியின் வால்வை என்ன செய்வது? மூடி வைத்தால் கடைசியில் குழாயைக் கழுவ நீர் கிடைக்கும், ஆனால் நான்கு நாளில் நிரம்பி ஷவரில் ஏறுகிறது. திறந்தே விட்டால் சாக்கடை வாடையும் சிறு ஈக்களும் உள்ளே வரும். குழாயில் வளைவு கொடுத்து நீர் தேங்கவிட்டு வாடையை அடைத்தவர்கள் உண்டா? அடிக்குக் கால் அங்குலச் சரிவு வைத்திருக்கிறோம். வளைவு அதைக் கெடுத்து அடைப்பு உண்டாக்குமா?

தண்ணீருக்கு 50 பிஎஸ்ஐ அழுத்த ரெகுலேட்டர் போட்டாயிற்று, அதில் பிரச்சினை இல்லை.