கூவைக்கிழங்கு (ஆரோரூட்) மாவு பழுப்பாகிறது, கசக்கிறது. எங்கே தவறு?

தென்னந்தோப்பு:
தென்னைக்கு ஊடே நட்ட கூவைக்கிழங்கை இலை காய்ந்ததும் தோண்டி, நான்கு நாள் கழித்து மிக்சியில் அரைத்து மாவு எடுத்தேன். 5 கிலோவுக்கு 300 கிராம்தான் தேறியது. நிறம் பழுப்பு, லேசான கசப்பு. தண்ணீர் இரண்டு தடவை மாற்றினேன். என்ன செய்யலாம்?

கிழங்குவிளை:
நான்கு நாள் வைத்ததுதான் முதல் கோளாறு. தோண்டிய கிழங்கு சீக்கிரம் கெடும், இரண்டு நாளுக்குள் அரைத்துவிடுங்கள். கசப்பு வருவது கணுவைச் சுற்றியுள்ள செதிலிலும் தோலிலும் இருந்து. ஒன்றுவிடாமல் உரித்துக் கழுவிய பிறகே அரைக்க வேண்டும்.

துண்டுகளைத் தாராளமாகத் தண்ணீர் விட்டு அரைத்து, வேட்டித் துணியில் பிழியுங்கள். சக்கையைத் திரும்ப இரண்டு முறை அரைத்துப் பிழிந்தால் மாவு கூடும். உங்களுக்குக் குறைந்தது இதில்தான் என்று நினைக்கிறேன். மூன்று நான்கு மணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டி, மாவின்மேல் படியும் பழுப்புப் படலத்தைக் கரண்டியால் வழித்தெடுங்கள். புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி மறுபடி தெளியவிடுங்கள். இரண்டு தடவை போதாது, தண்ணீர் நிறமில்லாமல் நிற்கும் வரை மாற்ற வேண்டும், நாலைந்து தடவை ஆகும். ஒரே தண்ணீரில் நெடுநேரம் கிடந்தால் புளித்த வாடை ஏறிவிடும். நல்ல வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவையுங்கள். காய்ந்த மாவை விரலிடுக்கில் அழுத்தினால் நறநறவென்று சத்தம் கேட்கும்.

குமரிமண்:
உங்களுடையது எந்தக் கூவை? மஞ்சள் செடி போன்ற இலையும் இளஞ்சிவப்புப் பூங்கொத்தும் இருந்தால் காட்டுக்கூவை, மஞ்சள் இனம். வெள்ளையாய், நீளமாய், செதில் மூடிய கிழங்கும் சிறு வெள்ளைப் பூவும் இருந்தால் மராந்தா, அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. மராந்தாவின் பச்சைக் கிழங்கில் ஏறக்குறைய 20 சதவீதம் மாவு இருக்கும், வீட்டு முறையில் 10 சதவீதமாவது எடுக்கலாம். நட்ட 10, 11 மாதத்தில் தோண்டுங்கள். அதற்கு மேல் விட்டால் நார் ஏறி, அரைபடாமல் மாவு சக்கையோடு போய்விடும்.

அடுப்படி:
இந்த மாவைக் கொதிக்கும் பாலில் நேராகப் போட்டால் கட்டி தட்டும். ஒரு டம்ளர் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி மாவு, முதலில் குளிர்ந்த தண்ணீரில் கரையுங்கள். கண்ணாடிபோல் பளபளத்ததும் இறக்கிவிடுங்கள், தொடர்ந்து கொதித்தால் நீர்த்துவிடும். கடையில் ஆரோரூட் என்று விற்பதில் மரவள்ளி மாவும் உண்டு, லேபிளைப் படித்து வாங்குங்கள். கைக்குழந்தைக்குப் பாலுக்குப் பதிலாக இந்தக் கஞ்சியைக் கொடுக்காதீர்கள், இதில் புரதம் கிட்டத்தட்ட இல்லை.