ஐம்பதைத் தாண்டியவர்கள் எந்த டேக்டவுன் (நிற்கும் எதிராளியைத் தரைக்குக் கொண்டுவரும் உத்தி) செய்கிறீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

தொடங்கியவர் (ஜியு-ஜிட்சு என்னும் பிடிச்சண்டைக் கலை, வயது 54)

எங்கள் வயதில் பலர் நின்றபடி தொடங்கும் சுற்று என்றாலே ஒதுங்கி, முட்டியிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முட்டியிட்டுத் தள்ளிக்கொள்ளும்போது கால்விரல் பயிற்சி விரிப்பில் சிக்கி மடங்குவதையும், ஒருவர் மல்லாந்து விழும்போது முட்டி முழுதாக மடங்கி உடம்புக்கடியில் மாட்டிக்கொள்வதையும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். நின்றே தொடங்கலாம், எதைச் செய்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

எந்த டேக்டவுனைக் கற்றுக்கொடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இது பாதியில் நின்றுபோனால் என் எடை எங்கே போய் இறங்கும், அவர் எடை எங்கே இறங்கும்? வெற்றிகரமாக முடியும்போது எல்லா டேக்டவுனும் அழகாகத்தான் இருக்கும். காயம் பெரும்பாலும் அரைகுறையாக நிற்கும் முயற்சியில்தான் வருகிறது.

அந்தக் கணக்கில் எனக்கு மிஞ்சியது பாடி லாக், அதாவது எதிராளியின் உடம்பைச் சுற்றிக் கைகளைப் பூட்டிச் சாய்ப்பது. சமீபத்தில் என்னைவிட மிக இளையவர், எடையும் அதிகம், மல்யுத்தம் பழகியவர், ஒரு சுற்று கேட்டார். கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். நான் இரண்டு கைகளையும் அவர் அக்குளுக்குக் கீழே கொண்டுபோவதில் மட்டும் குறியாக இருந்தேன். ஒரு கை கிடைத்ததும் நெற்றியை அவர் தாடைக்கு அடியில் வைத்து ஒட்டிக்கொண்டேன், இரண்டாவது கையும் உள்ளே போனது. அதன்பின் காதை அவர் மார்பில் அழுத்தி, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, விரல்களைக் கோக்காமல், இடுப்பின் கீழ்ப்பகுதியில் பூட்டினேன். என் இடுப்பை அவர் இடுப்போடு ஒட்டி, ஒரு பக்கமாகச் சாய்த்தபடி நடந்தேன். தூக்கவில்லை. மேல் உடம்பு பின்னால் போக, இடுப்பு என்னிடமே மாட்டியிருக்க, அவர் மெதுவாக உட்கார்ந்தார். பூட்டு நழுவியிருந்தால்கூட நான் இரண்டு காலில் நின்றுகொண்டுதான் இருந்திருப்பேன்.

இதில் இரண்டு இடம் ஆபத்து. பூட்டியதும் தூக்கிப் பார்க்கும் ஆசை வரும், கீழ்முதுகு அதைத் தாங்காது. இன்னொன்று, அவர் அசையாமல் நின்றால் பின்பக்கம் போய் அவர் காலுக்குக் குறுக்கே நாமே உட்கார்ந்து இழுப்பது, அதாவது தானி ஓதோஷி. சரியான கோணத்தில் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கோணம் கொஞ்சம் தவறினாலும் நம் மொத்த எடையும் அவர் முட்டியின் பக்கவாட்டில் இறங்கும், உட்பக்கத் தசைநார் கிழிய அது போதும். நான் அதை அறவே விட்டுவிட்டேன்.

ஜூடோ பழகுபவர், வயது 61

தம்பி சொல்லும் அளவுகோலை நான் ஜூடோவில் வைத்துப் பார்க்கிறேன். கானி பசாமி என்று ஒரு வீச்சு, தாவி இரண்டு காலாலும் எதிராளியின் கால்களைக் கத்தரிபோலப் பிடித்துச் சாய்ப்பது. 1980இல் ஜப்பானின் ஜூடோ வீரர் யாமஷிதா யசுஹிரோவின் கால் அதில்தான் உடைந்தது. இன்று ஜூடோ போட்டிகளில் அதற்கு இடமில்லை. அவ்வளவு பெரிய வீரருக்கே அந்த நிலை என்றால், வாரக் கடைசியில் பழகும் நமக்கு எடை தாவி விழும் எதுவும் வேண்டாம்.

எனக்குக் கைகொடுப்பது தே-அஷி-பராய், கோ-உச்சி-காரி என்ற இரண்டு கால்வீச்சுகள். எதிராளி அடியெடுத்து வைக்கும் அந்தக் கணத்தில், எடை அந்தக் காலில் முழுதாக இறங்குமுன் பாதத்தைப் பெருக்கிவிடுவது. பலம் வேண்டியதில்லை, அவர் நடையைக் கவனிக்கும் பொறுமை வேண்டும். என் உள்ளங்காலால்தான் தொடவேண்டும், சுண்டுவிரல் பக்கம் விரிப்பை உரசியபடி போகவேண்டும். விரலால் உதைத்தால் என் விரல்தான் உடையும். தவறினால் என்ன ஆகும்? என் கால் மறுபடி தரைக்கு வரும், அவ்வளவுதான்.

ஒரு முறை கறுப்பு பெல்ட் இளைஞர் ஒருவர் என்னைச் சுற்று முழுவதும் தள்ளிக்கொண்டே வந்தார். நான் எதிர்த்துத் தள்ளாமல் வட்டமாகப் பின்வாங்கினேன். அவர் வலது காலை ஒவ்வொரு முறையும் நீளமாக எடுத்துவைப்பது பிடிபட்டது. அடுத்த அடியில் கைச்சட்டையைக் கீழே இழுத்துப் பெருக்கினேன், எழும்பி விழுந்தார். சட்டையை நான் விடவில்லை. கடைசிவரை பிடித்து மேலே இழுத்துக்கொண்டால் அவர் தலை தரையில் மோதாது. வீழ்த்துகிறவரின் கடமை அது.

ஓ-சோதோ-காரியை, அதாவது எதிராளியின் காலை வெளிப்பக்கமிருந்து நம் காலால் வாரிப் பின்னால் வீழ்த்துவதை, புதியவர்கள்மேல் செய்யாதீர்கள். நேர்பின்னால் விழும்போது தாடையை மார்போடு ஒட்டத் தெரியாதவருக்குப் பின்மண்டையில் அடிபடும்.

மல்யுத்தம் பழகும் பெண், வயது 52

நான் எல்லாரையும்விட எடை குறைவு, பாடி லாக் எனக்கு எட்டாது அண்ணா. இளைஞர்கள் சட்டென்று மேலே விழுந்துவிடுவார்கள். எனக்கு ஆர்ம் டிராக்தான். அவர் என் கழுத்துக்குக் கை நீட்டும்போது மணிக்கட்டைப் பிடித்து, மறுகையால் அதே கையின் மேற்பகுதியைப் பின்பக்கமாக வளைத்து, குறுக்கே இழுத்துவிட்டு, நான் அவர் முதுகுக்குப் போய்விடுகிறேன். அதுவரை யாரும் விழவில்லை என்பதே எனக்கு நிம்மதி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளினால் அவரே கை ஊன்றி இறங்குகிறார்.

ஸ்னாப் டவுன், அதாவது எதிராளியின் தலையைச் சட்டென்று கீழே இழுப்பது, எளிது என்பார்கள். கழுத்து எலும்பு தேய்மானம் உள்ள பார்ட்னரிடம் அதைச் செய்வதில்லை. முன்கூட்டியே கேட்டுவிடுவேன்.

ஜியு-ஜிட்சு பழகுபவர், வயது 58

டேக்டவுனே எதற்கு? காலரையும் கைச்சட்டையையும் பிடித்துக்கொண்டு, ஒரு காலை அவர் இடுப்பில் வைத்து, என் இன்னொரு காலின் குதிகாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். தாவிக் கால்களால் சுற்றிக்கொள்வதைச் சொல்லவில்லை. அதை ஐபிஜேஜேஎஃப் (பன்னாட்டு பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) போட்டிகளிலேயே வெள்ளை பெல்ட்காரர்களுக்குத் தடை செய்திருக்கிறார்கள், எதிராளியின் முட்டி நம் எடையில் பின்னுக்கு வளையும் என்பதால். உட்காருவது வேறு.

தொடங்கியவர்

அண்ணா, உங்கள் வழி பாதுகாப்பானது, மறுக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தே தொடங்கினால், எதிரே இருப்பவர் தள்ளும்போது நிலைகுலையாமல் நிற்கும் பழக்கம் நமக்கு வராமலே போய்விடும். இந்த வயதில் அதுதான் எனக்கு வேண்டும். பாதி நாட்கள் உட்காருங்கள், பாதி நாட்கள் நில்லுங்கள்.

ஜூடோ பழகுபவர், வயது 61

விழப் பழகுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடம் உகேமிக்கு (அடிபடாமல் விழும் பயிற்சி) ஒதுக்குங்கள். குந்திய நிலையில் தொடங்கி, பிறகு நின்று. விழும்போது கையை நீட்டி ஊன்றக் கூடாது, மணிக்கட்டு எலும்பு முறிவது அப்படித்தான். முழங்கையிலிருந்து உள்ளங்கைவரை ஒன்றாகத் தரையில் அடிக்கவேண்டும், தாடை மார்பில்.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் நின்றபடி பழகுமுன் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். தலையில் படும் சின்ன அடியும் அவர்களுக்கு உள்ளே இரத்தக் கசிவாகலாம். பார்ட்னரிடமும் சொல்லிவிடுங்கள். எங்கள் வகுப்பில் அப்படி ஒருவர் இருக்கிறார். அவரோடு பிடிச்சண்டையும் நிலை குலைப்பதும் மட்டும் பழகுகிறோம், வீச்சை முடிப்பதில்லை.