எங்க புஞ்சைல முதுமக்கள் தாழி கெடக்கு, சரளுக்கு குடுத்துரலாமா?

பரம்புக்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்ரீவைகுண்டம் பக்கம் நமக்கு ரெண்டு ஏக்கர் புஞ்ச இருக்கு, ஊரு பேரு வேண்டாம். வெறும் சரள் மேடு, மழ பேஞ்சா கொஞ்சம் உளுந்து வரும், இல்லன்னா ஆடு மேயும். போன வருசம் வேலிக்கல்லு ஊன குழி தோண்டுனப்ப பெரிய பானையோட வாய் தட்டுப்பட்டுச்சு, கருப்பும் செவப்புமா ஓடு. அப்பா பாத்ததும் "தாழிலே இது, மூடு"ன்னு மண்ண தள்ளிட்டாவ. இப்ப ஒரு பார்ட்டி சரள் அள்ள கேக்கான், பெர்மிட் எல்லாம் அவனே பாத்துக்கிடுவானாம், ரொக்கமா தாரேங்கான். தங்கச்சிக்கு ஆவணில கல்யாணம் வச்சிருக்கு. அம்மா "செத்தவிய பானைய காவல் காக்கதுக்கு உயிரோட இருக்க பிள்ளைய விட்டுரவா"ன்னு கேக்கா, அப்பா வாயே தெறக்க மாட்டேங்காவ. எனக்கு ரெண்டு பேரு சொல்லதும் நியாயமாத்தான் படுது, ராத்திரி ஒறக்கம் இல்ல. விவரம் தெரிஞ்சவிய சொல்லுங்க.

வாழைத்தார்:
தம்பி, நான் ஒங்க அம்மா பக்கம். 1876ல ஜெர்மனிலேருந்து யாகோர்னு ஒருத்தர் வந்து ஆதிச்சநல்லூர்ல தோண்டி பெர்லினுக்கு கொண்டு போனாரு. அப்புறம் 1899லேருந்து தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டுனாரு, தங்கப் பட்டம் வெண்கலம் இரும்புன்னு எடுத்தது எல்லாம் எக்மோர் மியூசியத்துக்கு போச்சு. அந்த பரம்ப, தாழி பொதச்ச மேட்ட, சுத்தி இருக்கவனுக்கு என்ன கெடச்சுது, நூறு வருசத்துக்கு மேல ஒண்ணும் இல்ல. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் எடம் பரம்ப ஒட்டி மாட்டிக்கிட்டு, ஒரு ரூம் எடுத்து கட்ட முடியாம அலஞ்சாரு. பெருமை தமிழ்நாட்டுக்கே, கஷ்டம் மட்டும் அந்த ரெண்டு ஏக்கர்காரனுக்கா? பெருமைய பங்கு வைக்கவிய பாரத்தையும் பங்கு வைக்கணும்லா.

குழிவேலைக்காரி:
அண்ணாச்சி சொல்லதுல தப்பில்ல, ஆனா நான் அகழாய்வுல கூலிக்கு போனவ, ஒண்ணு சொல்லணும். தாழிக்குள்ள மண்ணு இருக்கும்லா, அத நாங்க கைல அள்ளக்கூட மாட்டோம், பிரஷ்ஷும் சின்ன கரண்டியும்தான், எடுத்த மண்ண சலிச்சு சலிச்சு கண்ணு பூத்துரும். சிவகளைல ஒரு தாழிக்குள்ள இருந்த நெல்லு உமிய வச்சுத்தான் கிமு 1155ன்னு கணக்கு வந்துச்சு, அதே ஊரு தாழி இரும்பு சம்பந்தமா 2025 ஜனவரில வந்த அறிக்க கிமு 3345 வரைக்கும் போச்சு. உமி எங்க இருந்துச்சு, அதுக்கு மேல என்ன கீழ என்னன்னு பதிவு இருந்ததாலதான் இது வந்துச்சு. ஜேசிபி ஒரு பக்கெட் போட்டா சரளும் உமியும் ஒண்ணாயி ரோட்டுக்கு அடில போயிரும், பொறவு யாரு வந்தும் சொல்ல முடியாது. நாங்க தோண்டுன தோப்புல வேல முடிஞ்சதும் குழிய மூடி நெலத்த திருப்பி குடுத்துட்டாவ, இப்ப அங்க வாழ நிக்கி. சரள் அள்ளுன குழில என்ன தம்பி நடுவிய?

ஏட்டுச்சுவடி:
தொல்லியல் படிச்சவன், அதனால மொதல்ல சட்டம். பரம்புக்காட்டான், ஒங்க புஞ்ச மத்திய அரசு பாதுகாக்குற எடத்துலேருந்து 100 மீட்டருக்குள்ள இருந்தா சரளும் அள்ளக்கூடாது, கட்டவும் கூடாது, அதுக்கு மேல இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வேணும், அத அளந்து பாருங்க. ரெண்டாவது, 1878ல போட்ட புதையல் சட்டம் இன்னைக்கும் இருக்கு, பத்து ரூபாய்க்கு மேல மதிப்பு உள்ளது மண்ணுக்குள்ள கெடச்சா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும். அரசு எடுத்துக்கிட்டா பொருளோட மதிப்பும் அதுல அஞ்சுல ஒரு பங்கும் சேத்து தருவாங்க. கோளாறே அங்கதான் இருக்கு. மதிப்புன்னா அத செஞ்ச மூலப்பொருளோட வெல, தங்கம்னா சரி, மண்பானைக்கு மண்ணு வெலதானே? அந்த உமிக்கு என்ன வெல போடுவாங்க? ஒங்க அம்மாவோட கோவம் நியாயம்னு எனக்கு படுறது இதனாலதான், அறிவு பூரா நாட்டுக்கு போகுது, நட்டம் வீட்டுல நிக்குது. அதனால சும்மா தியாகம் பண்ணுங்கன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டேன், மனுவுலயே நஷ்டஈடு கேளுங்க, தோண்டுனா ஒங்க ஊரு ஆளுகளுக்குத்தான் வேலன்னு கேளுங்க. திருநெல்வேலி பக்கம் ரெட்டியார்பட்டில பொருநை மியூசியம் இருக்கு, ஆதிச்சநல்லூர்ல குழிக்கு மேல கண்ணாடி போட்டு காட்டுறாங்க, பாக்க வர்றவன் காருகுறிச்சி பானையும் பத்தமடை பாயும் வாங்கிட்டு போக அங்கேயே கட போட்டுக் குடுங்கன்னு ஊரே சேந்து கேக்கணும். வாழைத்தார் அண்ணாச்சி, நீங்க கேட்ட பங்கு இதுதான்னு நெனைக்கேன்.

வாழைத்தார்:
ஊரு சேந்து கேட்டா நானும் கையெழுத்து போடுதேன். ஆனா கல்யாணம் ஆவணிலடே, கட வர வரைக்கும் மாப்பிள்ள வீட்டுல பொறுப்பாவளா?

பரம்புக்காட்டான்:
எல்லாத்தையும் அப்பா அம்மாவ உக்கார வச்சு வாசிச்சேன். உமி கத வந்ததும் அப்பா "எங்க ஐயா அந்த மேட்டுல செருப்பு போட்டு நடக்க விட மாட்டாரு"ன்னு மொத தடவ சொன்னாவ. அம்மா ரொம்ப நேரம் பேசல, பொறவு உள்ள போயி அட்டிகைய எடுத்துட்டு வந்து சொசைட்டில வைக்க சொல்லிட்டா, ஆனா நஷ்டஈடு கேக்காம மனு குடுத்தன்னா வீட்டுக்கு வராதன்னும் சொல்லிட்டா. பார்ட்டிக்கு போன் பண்ணி இல்லன்னுட்டேன். திங்கக்கிழம மனு நாளு, கலெக்டர் ஆபீசுக்கு போறேன். குழிய மறுபடி தெறக்காம, வேலிக்கல்லு நிக்க எடத்த மட்டும் போட்டோ எடுத்து சேத்தா போதுமா?

குழிவேலைக்காரி:
போதும் தம்பி. தெறக்கவே தெறக்காதிய. பக்கத்துல ஒரு பன மரமோ கிணறோ தெரியுத மாதிரி எடுங்க, எடம் அடையாளம் தெரியணும்லா.