புதுப்பிப்பு: மழைக்கு எடுத்து வைத்த பை

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: வயது 52, வேளச்சேரியில் தரைத்தளம், 2015லும் 2023 மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் தண்ணீர், அவசரப் பையில் என்ன வைக்கலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, பை தயார்.

டார்ச், பவர் பேங்க், அவல், பொட்டுக்கடலை, குளோரின் மாத்திரை எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. மருந்துதான் இழுத்தது. எனக்கு பிரஷர் மாத்திரை இரண்டு வாரத்துக்கு, அம்மாவுக்கு இன்சுலின். மிக்ஜாமில் கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் சும்மா நின்றபோது அந்தக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தவித்ததை என்னால் மறக்க முடியவில்லை. இந்த முறை டாக்டரிடமே கேட்டேன். அம்மா போடும் வகையை 30 டிகிரிக்குள் நாலு வாரம் வெளியே வைக்கலாம், ஐஸ் மேல் நேராக வைத்தால் உறைந்து கெட்டுவிடும் என்றார். அதனால் பெரிய மண்சட்டியில் ஈர மணல், அதற்குள் இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கச் சின்னப் பானை.

அப்புறம் ஒருவர் சொன்ன பழைய மூக்குக்கண்ணாடி! நான் யோசிக்கவே இல்லை, அது இல்லாமல் மாத்திரை அட்டையை எப்படிப் படிப்பது? பையை முதலில் பரணில் வைத்தேன், முட்டி வலியோடு இருட்டில் ஏற முடியாது, இப்போது கதவுப் பக்கம் ஆணியில் தொங்குகிறது. 1077 (மாவட்டப் பேரிடர் உதவி எண்), 108 (ஆம்புலன்ஸ்) இரண்டையும் பை மேலேயே எழுதிவிட்டேன். பத்திர நகல் மட்டும் பாக்கி, ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடுவேன்.