மதுரையில் ஒரே ஒரு பகல்: எதை, எப்போது சாப்பிடலாம்?

எழும்பூர்வாசி கேட்டது:

வரும் சனிக்கிழமை காலை பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரை வந்து இறங்கி, அன்று இரவே அதே வண்டியில் திரும்புகிறோம். நானும் அம்மாவும்தான். நான் எல்லாம் சாப்பிடுவேன், அம்மா சுத்த சைவம். கறி தோசை, அயிரை மீன் குழம்பு, ஜிகர்தண்டா, பன் பரோட்டா என்று பட்டியல் போட்டிருக்கிறேன். ஒரு நாளில் முடியுமா? அம்மாவுக்கு மீனாட்சி தரிசனம் கட்டாயம் வேண்டுமாம்.

மாசிவீதிக்காரன்:

வயிறு தாங்கும், நேரம்தான் இடிக்கும். எங்கள் ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பொழுது உண்டு. காலை பத்து மணிக்குப் போய்க் கறி தோசை கேட்டால் சிரிப்பார்கள்.

இறங்கியதும் பருத்திப்பால் வண்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவும் வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்துக் காய்ச்சுவார்கள். சுக்கு நெடி மூக்கில் ஏறும். மேலே தேங்காய்த் துருவல் கேட்டு வாங்குங்கள். அம்மாவும் குடிக்கலாம்.

அப்புறம் நேரே கோயில். நடுப்பகல் 12.30 வாக்கில் நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். சனிக்கிழமைக் கூட்டம் வேறு. இட்லியைத் தரிசனம் முடித்து வந்து சாப்பிடுங்கள்.

அயிரை மதியத்துக்கு. விரல் நீளம்கூட இருக்காது, ஆனால் குடலில் மண் இருக்கும். உயிரோடு தேங்காய்ப்பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்த பிறகுதான் குழம்பில் போடுவார்கள். சரியாகச் செய்யாத கடையென்றால் முதல் வாயிலேயே நறநறவென்று தெரிந்துவிடும். விலையும் கூடுதல்தான், கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கறி தோசைக்குச் சிம்மக்கல் கோனார் கடை. கனமாக ஊற்றிய மாவின் மேல் முட்டை, அதன் மேல் கறி, பிறகு திருப்பிப் போடுவார்கள். பாதி தின்றதும் மூச்சு முட்டும். ஏழு மணிக்கே போய்விடுங்கள்.

பன் பரோட்டாவைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுங்கள். ரெண்டும் ஒரே ராத்திரியில் உள்ளே போனால் அப்பர் பெர்த்தில் ஏற முடியாது.

சௌராஷ்ட்ரா தெரு:

அம்மாவை மறந்துவிட்டீர்களே அண்ணே. மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை இருக்கிறது, வெள்ளையப்பம் வாங்கிக் கொடுங்கள். சாயங்காலம் முள்ளுமுருங்கை வடை. பெயர்தான் வடை, கீரையை அரிசியோடு அரைத்துத் தட்டி, பச்சைப் பூரி மாதிரி பொரித்து, மேலே இட்லிப் பொடி தூவித் தருவார்கள். எங்கள் வீடுகளில் சளி பிடித்தால் இதுதான் மருந்து.

தெப்பக்குளம்:

ஜிகர்தண்டாவை யாருமே சொல்லவில்லை! நல்ல வெயிலில் மூன்று மணிக்கு விளக்குத்தூண் போங்கள். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஒரு உருண்டை ஐஸ்கிரீம். கலக்காமல் குடித்தால் அடியில் பாசி அப்படியே நிற்கும். பக்கத்துச் சந்தில்தான் பத்துத்தூண், திருமலை நாயக்கர் மகாலும் நடக்கிற தூரம். செரிக்கட்டும்.

எழும்பூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. பன் பரோட்டா நீக்கப்பட்டது. நான் கறி தோசை சாப்பிடும்போது அம்மாவை எங்கே உட்கார வைப்பது?

மாசிவீதிக்காரன்:

ஸ்டேஷன் பக்கம் பிரேம விலாஸில் சூடாக இலையில் அல்வா வாங்கிக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடியுங்கள். நீங்கள் திரும்பும்வரை அவர் உங்களைத் தேடமாட்டார்.