ஆம்ப்: அளவைப் பார்ப்பதா, காதை நம்புவதா?

மண்டபத்துக்காரன்:
வீட்டில் டிடிஏ2030 ஐசி (சிப்) போட்ட பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). இப்போது டிபிஏ3116 போர்டு வாங்கியிருக்கிறேன், 50+50 வாட் என்று போட்டிருக்கிறது. 12 வோல்ட் அடாப்டர். மச்சான் புதுசுதான் தெளிவு என்கிறான். எனக்குப் பழையதில்தான் குரல் நெருக்கமாக இருக்கிறது. யார் சொல்வது சரி?

கீழக்கரை சவுண்டு சர்வீஸ்:
தம்பி, அந்த 50 வாட் 21 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில், 10% டிஸ்டார்ஷனோடு (ஒலிச் சிதைவோடு) எடுத்த கணக்கு. 12 வோல்ட்டில் 18 வாட்டைத் தொடுமுன்பே சத்தம் கிழியும். 8 ஓம் என்றால் அதிலும் பாதி.

சத்தத்தைச் சமமாக்கிவிட்டுத்தான் கேட்டீர்களா? அரை டெசிபல் கூடினால் சத்தம் கூடியதாகத் தெரியாது, தெளிவு கூடியதாகத்தான் தெரியும். 200 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசியில் வை. (மலிவு மீட்டர் 1 கிலோஹெர்ட்ஸில் சொதப்பும்.) ஒன்று 2.00 வோல்ட் என்றால் மற்றது 2.02-ஐத் தாண்டக் கூடாது. அப்புறம் எது ஓடுகிறதென்று உனக்குத் தெரியாமல் ஒருவர் மாற்றி மாற்றிப் போடட்டும். அதற்கு முன் பாட்டு சிக்னல் வரும் ஆர்சிஏ வயரின் முனைகளைத் துடை, நம்ம ஊர் உப்புக்காற்றில் பச்சை பிடித்திருக்கும்.

பாம்பன் ரசிகன்:
மீட்டரில் ஒன்றாகக் காட்டும் ஆம்புகளே வேறுவேறாகக் கேட்கின்றனவே காக்கா?

கீழக்கரை சவுண்டு சர்வீஸ்:
கேட்கலாம். டிபிஏ3116 கிளாஸ் டி, அதாவது வேகமாக ஸ்விட்ச் போட்டு அணைத்து ஒலியைப் பெருக்கும் வகை. அதன் அவுட்புட்டில் வடிகட்டியாகக் காயிலும் கெப்பாசிட்டரும் உண்டு, ஸ்பீக்கரின் ஓமைப் பொறுத்து மேல்சுருதி (ட்ரெபிள்) ஏறும், இறங்கும். பழையதில் அந்தக் காயில் கிடையாது. 200 ஹெர்ட்ஸில் மட்டும் அளந்தால் இது எப்படித் தெரியும்?

மண்டபத்துக்காரன்:
ஸ்பீக்கர் 8 ஓம்தான் காக்கா. 200 ஹெர்ட்ஸ் டோனை டவுன்லோடு செய்துவிட்டேன். எனக்குத் தெரியாமல் வயரை மாற்றி மாற்றிப் போட மச்சான் தொண்டியிலிருந்து வர வேண்டும்.