நல்லவாட்டைக் காப்பாற்றியது மக்களா, போனா?

கணக்கன்: நேற்று ஒரு பயிற்சி வகுப்பில் ஒருவர் அளந்து விடுகிறார், "பேரிடரைத் தடுக்க மக்கள் பங்கேற்பு போதும், 2004 சுனாமியில் புதுச்சேரியின் நல்லவாடு மீனவ ஊர் சாட்சி" என்று. எரிச்சல்தான் வந்தது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் சுனாமிச் செய்தி கேட்டுப் போன் போட்டார், ஊர் தப்பித்தது. ஒலிபெருக்கியில் ஊருக்குச் செய்தி சொல்லும் தகவல் மையமோ அன்று பூட்டிக் கிடந்தது. கதவை உடைத்துத்தான் மைக்கைப் போட்டார்கள். பூட்டிய மையத்துக்கு எதற்கு மாலை மரியாதை?

அலையாத்தி: ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டாமல் பிறகென்ன? அந்தப் போனை 3,600 பேரும் காதில் வைத்தா கேட்டார்கள்? ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும், போய் உடைத்தார்கள். வீடும் படகும் போயின, ஆள் தப்பியது. இதற்குப் பெயர் பங்கேற்பு இல்லாமல் வேறென்ன சார்?

கணக்கன்: சாவி யாரிடம் இருந்தது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

வடகிழக்கு: இந்தோனேசியாவில் சிமெலுவே தீவு என்று ஒன்று உண்டு. 1907 சுனாமியைப் பாட்டி, தாத்தா சொல்லியே வளர்த்த ஊர். நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால் "ஸ்மோங்" (அவர்கள் மொழியில் சுனாமி) என்று கத்திக்கொண்டு மேட்டுக்கு ஓடுவார்கள். 2004-ல் சுமார் 78,000 பேரில் ஏழு பேர்தான் இறந்தார்கள். போனும் இல்லை, பூட்டும் இல்லை.

கணக்கன்: அங்கே ஓடிப்போக மலை இருக்கிறது தம்பி. நம் கரையில் எந்த மேடு? நான் கேட்டது சாவி.

அலையாத்தி: சாவி, சாவி! ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-ல். அதற்கு முன்னால் அரசாங்கத்தின் சாவி எங்கே இருந்ததாம்?

சவுக்குத்தோப்பு: நாகப்பட்டினம் மாவட்டத்து நாலுவேதபதியை ஏன் யாரும் பேசவில்லை? 2002-ல் ஒரே நாளில் 80,244 கன்று நட்டுக் கின்னஸில் ஏறிய ஊர். அலை வந்தபோது மரங்கள்தான் வேகத்தைக் குறைத்தன.

அலையாத்தி: சவுக்கை நட்டு, அலையைத் தடுக்கும் மணல்மேட்டை அழித்த கதையெல்லாம் வேண்டாம். போன மாதமே இதைச் சொன்னேன், பதில் வரவில்லை.

சவுக்குத்தோப்பு: நீங்கள் பதிலைப் படிப்பதே இல்லை. பெயரில் மட்டும் அலையாத்தி, ஒரு கன்றாவது நட்டதுண்டா அக்கா?

கணக்கன்: மரச்சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. பயிற்சி, குழு, ஒத்திகை என்று எவ்வளவு பேசினாலும் அன்று கையில் இருந்தது ஒரு போன், ஒரு கடப்பாரை.

அலையாத்தி: கடப்பாரை என்று நீங்களாகச் சேர்த்துக்கொண்டீர்கள். கதவை எதை வைத்து உடைத்தார்கள் என்று பார்த்த மாதிரி எழுதுகிறீர்களே?

கணக்கன்: பின்னே, பூட்டு தானாகவா திறந்தது?